நியூகாசிலிலிருந்து டால்ஸ்டாய் பண்ணை வரை ஓட்டம்: ஒரு பக்கியா (பிக்கப்), கேம்பர்வேனா, இரண்டு வண்டியா?

டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து கேட்டாலும் சரி, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து கேட்டாலும் சரி, தென்னாப்பிரிக்காவில் 1913-இல் இந்தியத் தொழிலாளர்கள் காந்தியோடு நடந்த பாதையை ஓட நினைக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். "செகண்டிங்குக்கு, அதாவது வண்டியில் கூடவே வந்து தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க, யாரைக் கூட்டிப் போவது, எந்த வண்டி எடுப்பது, ராத்திரி எங்கே படுப்பது?" பயிற்சி பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தை ஓடி முடித்தவர்களுக்குக் கால்களைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் காம்ரேட்ஸ் ஒரே நாள், 12 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், வழி முழுக்க டேபிள் போட்டுத் தண்ணீரும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் கொடுப்பார்கள். ஒன்பது நாள் ஓட்டத்தில் அந்த டேபிள் முழுக்க உங்கள் அண்ணனும் மனைவியும்தான். அவர்கள் தளர்ந்தால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களை முதலில் நினையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

## முதலில் பாதை

நியூகாசிலில் தொடங்கி என்11 சாலையில் வோல்க்ஸ்ரஸ்ட், அங்கிருந்து ஆர்23 பிடித்து பெர்டெகாப், ஸ்டாண்டர்டன், கிரேலிங்ஸ்டாட், பால்ஃபர், ஹைடல்பர்க், பிறகு மேற்கே திரும்பி லாலி பக்கத்தில் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை. மொத்தம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

இதை ஏன் ஓட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி, ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்த வைத்தார்கள். காந்தியின் போராட்டத் தோழர் தம்பி நாயுடு அங்கே அவர்களோடு நின்றார். 1913 நவம்பர் 6 அன்று காந்தியோடு நாட்டாலிலிருந்து டிரான்ஸ்வாலுக்கு எல்லை தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒரு நாளைக்கு 20 முதல் 24 மைல், எட்டு நாளில் டால்ஸ்டாய் பண்ணை என்பது திட்டம். பால்ஃபரில் அவர்களை மறித்து ரயிலில் ஏற்றி நாட்டாலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பால்ஃபருக்கு அப்புறம் உள்ள பாதை அவர்கள் நடக்காத பாதை. அதை நம்மில் ஒருவர் ஓடி முடிப்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்த நடைக்கும் துணை ஏற்பாடு இருந்தது. தலைக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வோல்க்ஸ்ரஸ்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார ரொட்டிக்கடைக்காரர் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் ரொட்டியை ரயிலில் அனுப்பி வைத்தார். ரொட்டி நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர்களாலும் நடந்திருக்க முடியாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

என் வரிசையில் முதலாவது, வண்டி ஓட்டுபவரின் தூக்கம். 40 கிலோமீட்டர் ஓடும் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 13 நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் அவர் வண்டியை எடுத்து, அடுத்த இடம் தேடி, நிறுத்தி, பாட்டில் நிரப்பி, உணவு எடுத்து வைக்க வேண்டும். பகலில் கண்ணயர நேரமே கிடையாது. ஓடுபவர் முடித்துவிட்டுக் காலை நீட்டிவிடுவார், அதன் பிறகுதான் துணைக்கு வந்தவர்களுக்கு ஷாப்பிங், சமையல், துவைப்பது, மறுநாள் மூட்டை கட்டுவது எல்லாம் ஆரம்பம். காலையில் நாலரைக்கு அவர்கள்தான் முதலில் எழுவார்கள். நான்காவது நாளில் தூங்கி வழிந்துகொண்டே ஆர்23-இல் ஓட்டும் ஒருவரை நம்பி நீங்கள் ஓடுகிறீர்கள் என்றால் அது ஆபத்து. தூங்காதவர் கண்ணுக்குச் சின்ன அறிகுறிகள் படாது என்பது இன்னொன்று. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று 1980களில் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் நம் நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்துத்தான் எழுதினார். விரல் வீங்கியிருக்கிறதா, பேச்சு தடுமாறுகிறதா, காலையில் இருந்ததைவிட எடை கூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தெளிந்த தலை வேண்டும்.

இரண்டாவது, வண்டி எங்கே நிற்க முடியும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன, ஓடுபவர் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓட வேண்டும். வண்டி இடப்பக்கம் நின்றால் ஒவ்வொரு முறையும் யாராவது சாலையைக் கடந்தாக வேண்டும். களைத்துப்போன ஓட்டக்காரர் ஒரு நாளில் 13 முறை போக 13 முறை வர நிலக்கரி லாரிகளுக்கு நடுவே கடப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வலப்பக்கத்துப் பண்ணை கேட்டுக்குள் வண்டியை முழுதாக ஒதுக்கி நிறுத்த வேண்டும், முடியாத இடத்தில் துணைக்கு வந்தவர் கடந்து வந்து கொடுக்க வேண்டும். வண்டியின் நீளமும் திரும்பும் வட்டமும் இங்கேதான் கணக்கில் வருகின்றன. ஓடுபவர் பின்னாலேயே ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருவது எந்த வண்டியிலும் வேண்டாம், பின்னால் வரும் லாரி அந்த வண்டியோடு சேர்த்து உங்களையும் இடிக்கும்.

மூன்றாவது, மழையும் மின்னலும். நவம்பர் 6-க்குத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் நிறைய. அந்த மாதத்தில் ஹைவெல்ட் என்ற இந்த உயர்ந்த புல்வெளியில் மத்தியானத்துக்கு மேல் இடி, ஆலங்கட்டி, வெட்டவெளியில் மின்னல். ஓடிப்போய் உட்கார உலோகக் கூரையுள்ள வண்டி பக்கத்தில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் வானம் சுத்தம், ஆனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும், பகல் வெளிச்சமும் பத்தரை மணி நேரம்தான். இரண்டுக்கும் நடுவில் ஏப்ரல் கடைசி, மே என் மனதுக்குப் பிடித்த காலம். ஆடியில் மாரியம்மன் கூழ் ஊற்றும் ஞாயிறுகளும் புரட்டாசியும் எப்போது வருகின்றன என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள், வீட்டில் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

மீதி இரண்டு: மறைந்து நிற்கும் செலவு, ஏதாவது தவறினால் மாற்று வழி. இவற்றை ஒவ்வொன்றோடும் சேர்த்தே சொல்கிறேன்.

## ஒரு பக்கி, இரண்டு பேர், இரவில் அறை

பின்னால் மூடி (கேனபி) போட்ட, இரண்டு வரிசை இருக்கையுள்ள டபுள் கேப் பக்கி ஒன்று, ஓட்ட ஒருவர், கொடுக்க ஒருவர், ராத்திரிக்கு ஊரில் கெஸ்ட்ஹவுஸ். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த ஏற்பாடு இந்தப் பாதைக்கு நன்றாகவே பொருந்துகிறது. காரணம் ஊர்களின் இடைவெளி. நியூகாசில், வோல்க்ஸ்ரஸ்ட், ஸ்டாண்டர்டன், ஹைடல்பர்க் நான்கிலும் தங்க இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு போட்டால் பாதை முழுவதும் அடங்கிவிடும், கடைசி இரவு லெனேசியாவில் சொந்தக்காரர் வீடு. முதல் நாள் ஓட்டம் வோல்க்ஸ்ரஸ்டுக்குப் பாதி வழியில் முடிந்தால் பக்கியில் நியூகாசிலுக்கே திரும்பிப் போய்ப் பழைய கட்டிலிலேயே படுக்கலாம், மூன்றாம் நாள் பெர்டெகாப் பக்கம் முடித்தால் வோல்க்ஸ்ரஸ்டுக்குத் திரும்பலாம். மூட்டையை ஒரு ஊரில் ஒரு தடவை அவிழ்த்தால் போதும், ஈரத் துணி காய ஒரு நாள் கிடைக்கும், சுடுதண்ணீர் கிடைக்கும், துணைக்கு வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துத் தூங்குவார். இந்தக் கடைசி விஷயத்துக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன்.

நிறுத்திய இடத்திலிருந்தே மறுநாள் தொடங்க வேண்டும் என்பதால் அந்த இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கிலோமீட்டர் பலகையைப் படமும் எடுங்கள். விடிகாலை இருட்டில் புல்வெளியில் எல்லா வேலிக் கம்பமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

மறைந்த செலவு இதில் பெட்ரோலில் வருகிறது. நீங்கள் 40 ஓடினால் பக்கி 100 ஓடும்: தாவித் தாவிப் போவது, கடைக்குப் போவது, தங்குமிடத்துக்குப் போய் வருவது. அறை எடுக்கும்போது செல்ஃப் கேட்டரிங் என்று கேட்டு எடுங்கள், காலை உணவு ஏழரைக்கு என்று சொல்லும் இடம் உங்களுக்கு உதவாது. அடுப்பு இருந்தால் ராத்திரியே கூழ் கரைத்து வைக்கலாம், தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி, ரசம் எல்லாம் ஆகும். ஜெல் பாக்கெட் மூன்றாம் நாளே வெறுத்துவிடும், புளித்த கூழும் மோரும் வெறுக்காது.

பலவீனம் ஒன்று உண்டு, வண்டி ஒன்றுதான். டயர் வெடித்தால், ஒருவருக்கு வயிறு கெட்டால், அன்றைய ஓட்டம் நிற்கும். ஆர்23-இல் குழிகள் சாதாரணம் இல்லை, ஸ்பேர் சக்கரம் காற்றோடு இருக்கிறதா என்று டர்பனிலேயே பாருங்கள்.

## கேம்பர்வேன்

ஆசை காட்டும் ஏற்பாடு இது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் கூடவே வரும், நிறுத்திய இடத்திலேயே தூங்கலாம் என்று நினைப்போம். நம் நாட்டில் நிறுத்திய இடத்தில் தூங்க முடியாது. சாலையோரத்தில் ராத்திரி வண்டிக்குள் படுப்பது பாதுகாப்பில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். அப்படியானால் கேரவன் பார்க் தேடிப் போக வேண்டும், அல்லது ஒரு பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வேலிக்குள் நிறுத்த வேண்டும். பார்க்குக்குப் போவதென்றால் கெஸ்ட்ஹவுஸுக்குப் போவதும் அதே தூரம்தான், கேம்பர்வேனின் முக்கிய லாபமே போய்விட்டது.

அப்புறம் நீளம். பண்ணை கேட்டில் பக்கி ஒதுங்கிவிடும், பெரிய கேம்பர்வேனின் பின்பாதி சாலையில் நிற்கும். திருப்பி எடுக்க ஒருவர் இறங்கிக் கை காட்ட வேண்டும். நிறுத்தத்துக்கு 25 நிமிடம் என்று சொன்னேனே, அதில் பத்து இங்கேயே போய்விடும்.

வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை: வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் என்றால் சாதாரண கோட் 8 லைசென்ஸ் போதாது, சி1 வேண்டும். இரண்டாவது ஓட்டுநருக்குத் தனிக் கட்டணமா, எடுத்த ஊரில்தான் விட வேண்டுமா, வேறு ஊரில் விட்டால் எவ்வளவு, விபத்தானால் நாம் கட்ட வேண்டிய எக்ஸஸ் எவ்வளவு? கடைசியாகச் சொன்னது பலருக்குப் பெரிய அதிர்ச்சி. கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும் வேலையும் துணைக்கு வந்தவர் தலையில்தான் விழும். குளிர்காலத்தில் உள்ளே படுத்தால் மூச்சுவிடும் ஈரம் சுவரில் உறைந்து நிற்கும். வண்டியின் உடல் ஃபைபர்கிளாஸ் என்றால் மின்னலுக்குச் சாதாரணக் கார் தரும் காப்பை அது தராது, எல்லோரும் முன் கேபினுக்குப் போக வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் கேம்பர்வேன் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஓடுபவர் பெண் என்றால், வோல்க்ஸ்ரஸ்டுக்கும் ஸ்டாண்டர்டனுக்கும் நடுவே உள்ள 80 கிலோமீட்டரில் கதவு பூட்டி உடை மாற்ற, கழிப்பறை போக ஓர் இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஒரு மரம்கூட இல்லாத புல்வெளி அது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர், கைக்குழந்தையோடு வரும் குடும்பம், மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தே ஆக வேண்டியவர், இவர்களுக்கும் நான் கேம்பர்வேனைத்தான் சொல்வேன். ஆனால் சின்னதாக, வேன் உருவில் இருப்பதை எடுங்கள், வீடு போல உயர்ந்து நிற்பதை வேண்டாம்.

## இரண்டு வண்டி, நான்கைந்து பேர்

கிளப் ஆட்களோ பெரிய குடும்பமோ சேர்ந்து வந்தால் இப்படி அமையும். ஒரு வண்டி ஓடுபவரோடு, இன்னொன்று முன்னால் போய் அறைச் சாவி வாங்கி, சமைத்து, சாமான் வாங்கி வைக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை மாற்றினால் எல்லோரும் தூங்கலாம். ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டாலும் ஓட்டம் நிற்காது, ஓடுபவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் மற்ற வண்டி சாமான்களைப் பார்த்துக்கொள்ளும். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112, இரண்டையும் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.

தூக்கம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. செலவு ஏறக்குறைய இரட்டிப்பு, அது தெரிந்ததே. பலர் எதிர்பார்க்காதது ஆட்களைப் பராமரிக்கும் வேலை. ஐந்து பேர் ஒன்பது நாள் லீவு எடுப்பது, யார் எந்த அறை, யாருக்குச் சைவம், யார் யாரோடு பேசவில்லை, இத்தனையும் ஓடுபவர் காதுக்கு வந்து சேரும். கல்யாண வீடு மாதிரி, எல்லோரும் வேலை செய்கிறார்கள், உப்பு வாங்க யார் போனார் என்று யாருக்கும் தெரியாது. ஓடாத ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, அவர் சொல்வதே முடிவு என்று முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். ஓடுபவரே பொறுப்பாளராக இருந்தால் 30-வது கிலோமீட்டரில் அவரிடம் சாப்பாட்டுக் கணக்கு கேட்பார்கள்.

இன்னொன்று. பேனர் கட்டி, நாலு பேரைச் சேர்த்து ஓட வைத்து, வழியில் வரவேற்பு வைத்தால் அது தனி ஓட்டம் இல்லை, நிகழ்ச்சி. பொதுச் சாலையில் நிகழ்ச்சி என்றால் அனுமதி, பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் தேடி வரும், 2010-இல் வந்த விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. முன்கூட்டியே அத்லெட்டிக்ஸ் அமைப்பிடமும் போக்குவரத்துத் துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

## வாரக் கடைசியில் துண்டு துண்டாக

லீவு இல்லாதவர்களுக்கு. வெள்ளி இரவு போய், சனி ஞாயிறு ஓடி, விட்ட இடத்திலிருந்து அடுத்த மாதம் தொடர்வது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு இது எளிது, டர்பனிலிருந்து ஒவ்வொரு முறையும் போய் வரும் பெட்ரோலும் ஞாயிறு இரவு களைப்போடு என்3-இல் திரும்புவதும் மொத்தச் செலவை நேர் ஓட்டத்தைவிட அதிகமாக்கிவிடும். ஞாயிறு ஓடியவர் திரும்பும்போது ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரு பக்கி + அறை | கேம்பர்வேன் | இரண்டு வண்டி | வாரக் கடைசி |
|---|---|---|---|---|
| துணைக்குழுவின் தூக்கம் | நல்லது | சுமார், குளிரில் மோசம் | மிக நல்லது | நல்லது |
| சாலையோரம் ஒதுங்குவது | எளிது | கடினம் | எளிது | எளிது |
| மின்னலுக்கு ஒதுங்க | கேபின் உண்டு | வண்டியின் உடலைப் பொறுத்தது | உண்டு | வானிலை பார்த்துத் தள்ளிப்போடலாம் |
| எதிர்பாராத செலவு | கூடுதல் பெட்ரோல் | எக்ஸஸ், விடும் கட்டணம், பார்க் வாடகை | ஆட்களின் சாப்பாடு, அறைகள் | திரும்பத் திரும்பப் பயணம் |
| வண்டி பழுதானால் | அன்று நிற்கும் | அன்று நிற்கும், படுக்கையும் போகும் | தொடரலாம் | அடுத்த மாதம் |

## நான் எதைச் சொல்வேன்

நியூகாசிலிலிருந்து ஹைடல்பர்க் வரை ஒரு பக்கி, இரண்டு பேர், நான்கு ஊரில் இரண்டிரண்டு இரவு. இதுவே என் பதில். நடுவில் ஒரு நாள் யாராவது வந்து இருவரில் ஒருவருக்கு முழு ஓய்வு கொடுத்தால் இன்னும் நல்லது, ஸ்டாண்டர்டன் அதற்கு வசதியான ஊர்.

ஹைடல்பர்க்கைத் தாண்டியதும் கதை மாறுகிறது. ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கு விளிம்பு அது, டாக்ஸி நெரிசல், நடைபாதை இல்லாத சாலை, வழிப்பறி பயம். என்3 பக்கம் போகவே கூடாது, ஃப்ரீவேயில் நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் சட்டப்படி இடமில்லை. கடைசி இரண்டு நாளுக்கு லெனேசியாவிலிருந்து இன்னொரு வண்டியும் ஓடுபவரோடு சேர்ந்து ஓட ஒரு ஆளும் வரட்டும். பாதையை அந்த ஊர்க்காரர் ஒருவர் காரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும், வரைபடத்தில் நேராகத் தெரியும் சாலையெல்லாம் ஓடத் தகுந்ததாக இருக்காது.

துணைக்கு ஒரே ஒருவர்தான் கிடைக்கிறார் என்றால் ஒன்பது நாள் வேண்டாம். அவரையே ஓட்டவும் சமைக்கவும் சாலையைக் கடந்து வந்து கொடுக்கவும் வைத்தால் மூன்றாம் நாளுக்கு மேல் தாங்க மாட்டார். நியூகாசிலிலிருந்து வோல்க்ஸ்ரஸ்ட் வரை உள்ள முதல் ஐம்பது சொச்சம் கிலோமீட்டரை ஒரு சனி ஞாயிறில் ஓடுங்கள். 1913-இலும் அவர்கள் அந்தத் தூரத்தை இரண்டு நாளில்தான் நடந்தார்கள். சுமார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து 1,600-க்கு மேல் ஏற்றும் லெயிங்ஸ் நெக் அதில்தான் வருகிறது, பாதையிலேயே கடினமான ஏற்றம். அதை முடித்த பிறகு, மீதிக்கு வருகிறாயா என்று இன்னொருவரைக் கேட்பது சுலபம்.